கூரைக்குப் பின்னரே வண்ணம்

"ஹஜ்ரத், சுவரில் மனித உருவம் தீட்டுவது கூடுமா, கூடாதா?"

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், 2022ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, சென்னை இந்திரா நகர் இரயில் நிலையத்தின் எதிரே நின்றுகொண்டு இவ்வாறு வினவினார். ஒரு சொல்லில் விடை பகர்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். மத்ரஸாவில் பல்லாண்டு பாடம் சொன்னவனுக்கு அது கடினமன்று. ஆயினும் அன்று கண்ட காட்சிகள் அந்த ஒற்றைச் சொல்லை என் நாவிலேயே தடுத்து நிறுத்தின. ஏன் தடுத்தன என்பதையே இங்கு எழுதப் புகுந்தேன். இக்கட்டுரை இரு சாராருக்கு உவப்பளிக்காது. படம் என்றதும் பேச்சை முடித்துக்கொள்ளும் நம்மவர் ஒரு சாரார். வண்ணம் பூசியதும் வறுமை அகன்றுவிட்டதாகக் கருதும் நகரத்தார் மற்றொரு சாரார். இரு சாராரும் பொறுத்தருள்க.

மந்தைவெளிச் சுவர்கள்

வெளியூரிலிருந்து வந்து, மந்தைவெளியில் அம்மாணவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். ஸுப்ஹுத் தொழுகை முடித்து இருவரும் நடக்கப் புறப்பட்டோம். மந்தைகள் மேய்ந்த வெளியாதலின் மந்தைவெளி என்று பெயர் பெற்றது அவ்வூர். இன்று அங்கே மேய்வதற்கு ஒரு முழப் புல்லும் இல்லை. எங்கு நோக்கினும் சுவர். அச்சுவர்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். படிப்பது எங்கள் தொழில் அல்லவா!

ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரின் அடியில் பிள்ளையார், சிலுவை, பிறையோடு கூடிய பள்ளிவாசல் ஆகிய மூன்றும் வரிசையாகப் பதிக்கப்பெற்ற ஓடுகளைக் கண்டேன். அவ்விடத்தில் எவரும் சிறுநீர் கழித்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டுக்காரர் செய்துகொண்ட ஏற்பாடு அது. சமய நல்லிணக்கம் இத்துணை மலிவாகக் கிடைக்கும் இடம் வேறொன்றை நான் அறியேன்! மற்றொரு சுவரில், "விளம்பரம் செய்யாதீர்" என்ற எச்சரிக்கையின் மீதே மூன்று சுவரொட்டிகள். இன்னொரு சுவரில், இன்ன கட்சிக்கு இன்ன ஆண்டு வரை இடம் ஒதுக்கப்பட்டது என்ற அறிவிப்பு. சுவர் யாருடையது என்ற கேள்வி நம் நகரத்தில் ஓயாது நடைபெறும் வழக்கு என்பதை இம்மூன்று காட்சிகளும் எனக்கு உணர்த்தின.

பிறகு மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறினோம். கடற்கரையிலிருந்து திருமயிலை வரை 1997இல் ஓடத் தொடங்கிய அவ்விரயில், 2004இல் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே தூண்கள் எழுப்பிக் கட்டப்பட்ட பாதை. இந்திரா நகரில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது நிலையத்தின் முகப்பு முழுவதும் மனித முகங்களாக இருந்தது. ஆண், பெண், முதியோர், இளையோர் என எத்தனையோ முகங்கள். 2021இல் ஏ-கில், கத்ரா என்னும் புனைபெயர் பூண்ட இரு ஓவியர்கள் தீட்டியவை. 'கத்ரா' என்பது ஆபத்து எனப் பொருள்படும் உருதுச் சொல். அரபியின் 'கதர்' என்பதன் வழி வந்தது. பெயர்தான் ஆபத்து, படமோ பிணியாளரின் துயர் துடைக்க வந்தது. எச்.ஐ.வி. தொற்றுடையோரின் முகங்களும் அத்தொற்று இல்லாதோரின் முகங்களும் கலந்து அங்கே தீட்டப்பட்டிருந்தன. யார் நோயாளி, யார் அல்லர் என்று முகம் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே எவரையும் ஒதுக்காதீர் என்பதே அதன் செய்தி. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், தென்னக இரயில்வேயும், 'ஸ்டார்ட் இந்தியா' என்னும் கலை அமைப்பும், ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்த பணி.

அங்கேதான் மாணவரின் கேள்வி பிறந்தது.

நம்மவரோடு ஒரு சொல்

உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை நான் மறைக்கப்போவதில்லை. உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பதை நம் இமாம்கள் கடுமையாகவே அணுகியுள்ளனர். நிழல் விழும் சிலைக்கும் நிழலற்ற படத்திற்கும் வேறுபாடு கண்டு, பின்னதை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்திய மாலிக்கி மத்ஹபு அறிஞர் பலர். நான் ஓதிய மத்ஹபு அதனினும் இறுக்கமானது. நான் படம் வரைவதில்லை. என் வீட்டுச் சுவரிலும் மாட்டுவதில்லை. அது என் வரையறை.

ஆனால் அன்பர்களே, அந்த வரையறையோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதா? "கூடாது" என்று கூறிவிட்டு நாம் நகர்ந்துகொள்கிறோம். அந்தச் சுவர் யாருடையது, அதற்குச் செலவான பொருள் எதற்குரியது, அதன் பின்னால் வாழ்பவர் யார், அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்னும் கேள்விகளையும் மார்க்கச் சட்டம் கேட்கிறது. அவற்றை நாம் ஏன் கேட்பதில்லை? படத்தைப் பற்றிப் பேசுவது எளிது. படத்தின் பின்னால் இருக்கும் மனிதனைப் பற்றிப் பேசுவது தொல்லை. அதனால்தானே?

உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைத் திருத்திக் கட்டப் பணித்தபோது கூறிய அறிவுரையை இமாம் புகாரி, பள்ளிவாசல் கட்டுவது பற்றிய பாடத்தில் பதிவு செய்துள்ளார்கள். மக்களை மழையினின்றும் மறைத்துக் காக்குமாறும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கருத்தைச் சிதறடித்துவிடாதிருக்குமாறும் கட்டுபவருக்கு அவர்கள் ஆணையிட்டார்கள். இதில் வண்ணத்தைத் தவிர்த்த பகுதியையே நாம் மேடைதோறும் எடுத்துக் கூறுகிறோம். அதற்கு முன் நிற்கும் ஆணையைக் கவனிப்பதில்லை. முதல் ஆணை மழைக்கு மறைப்பு! பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அதே பள்ளியைச் செதுக்கிய கற்களாலும் சுண்ணத்தாலும் எடுத்துக் கட்டி, தேக்கு மரத்தால் கூரை வேய்ந்தார்கள். எனவே அழகு என்பதே பழி என்று கொள்வதற்கில்லை. வரிசை தவறுவதே பழி.

இன்னொரு நிகழ்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்தினின்றும் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை இழுத்துக் கிழித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நம்மைப் பணிக்கவில்லை என்ற கருத்தை மொழிந்தார்கள். அத்துணி பிறகு என்னவாயிற்று? அன்னையவர்கள் அதனை வெட்டி, பேரீச்ச நார் அடைத்து, இரு தலையணைகள் ஆக்கினார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. சுவருக்கு உடுத்திய துணி மனிதர் தலைக்கு அணையாயிற்று. இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சியே நம் நகராட்சிகள் அனைத்திற்கும் போதுமான பாடம் என்பேன்.

கண்ணகி நகரில்

"தம்பி, இதைவிடப் பெரிய படங்கள் எங்கே உள்ளன?" என்று கேட்டேன். "கண்ணகி நகரில், ஹஜ்ரத்" என்றார். ஒரு வாரம் கழித்து அங்கும் சென்றோம்.

கண்ணகி நகர் மந்தைவெளிக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில், துரைப்பாக்கத்தை அடுத்துள்ளது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவு. 1970இல் தோற்றுவிக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு எழுப்பிற்று. பின்னாளில் அம்முறை தளர்ந்தது. 2000ஆம் ஆண்டு முதல், நகரின் கால்வாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த ஏழைகள் கண்ணகி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கடலோர மக்களிலும் பலர் அங்கும் செம்மஞ்சேரியிலும் குடியேற்றப்பட்டனர். கண்ணகி நகரில் எழுந்த வீடுகள் 15 ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. தொடக்கத்தில் கட்டப்பட்டவை 200 சதுர அடிக்கும் குறைவானவை. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று.

அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில்தான், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நம் நாட்டு ஓவியரும் வெளிநாட்டு ஓவியரும் பெருஞ்சித்திரங்கள் தீட்டினர். சென்னையின் முதல் கலை வட்டாரம் என்று அதற்குப் பெயர் சூட்டினர். ஒரு சுவரில் சிறுமியர் இருவரின் சிரித்த முகம். கைத்திறனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன்.

அச்சுவரின் நிழலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "எந்த ஊரு பாய்?" என்று கேட்டார். மந்தைவெளியிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நானும் மந்தைவெளிதான். கால்வாய்க் கரையில இருந்தோம். இப்பவும் அங்கதான் ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும்" என்றார். நான் காலையில் உலாவிய தெருக்களுக்கே அவர் நாள்தோறும் உழைக்கச் சென்றுவருகிறார்! சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல செயலே. காசு மிச்சமாயிற்று. ஆனால் அவர் பயணத்தில் கழிக்கும் பொழுதை எந்த அரசாணை திருப்பித் தரும்?

படம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "படம் நல்லாத்தான் இருக்குது பாய். ஆனா அது ரோட்டுல போறவங்களுக்கு. நாங்க உள்ளே இருக்கோம். எங்களுக்குத் தெரியறது உள் சுவருதானே" என்றார்.

எந்தக் கலைத் திறனாய்வாளர் இதனினும் தெளிவாகக் கூற முடியும்? சுவருக்கு இரு பக்கம் உண்டு. வண்ணம் ஒரு பக்கத்தில். வாழ்க்கை மறு பக்கத்தில்.

எதிர்வாதிகளுக்கு

இங்கே நகரத்து நண்பர்கள் குறுக்கிடுவர். "ஓவியம் கண்ணகி நகரின் அவப்பெயரைப் போக்கிற்று, வெளியார் அங்கே வரத் தொடங்கினர், இதனைப் பழிப்பது தகுமா?" என்பர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. கண்ணகி நகர் என்ற முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அவ்வூர் இளைஞர்கள் பல காலம் வருந்தியது ஊரறிந்தது. அந்தக் களங்கத்தைத் துடைக்க யார் கை நீட்டினாலும் வாழ்த்த வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தக் களங்கம் எங்கிருந்து வந்தது? ஏழைகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, ஊரின் கண்ணுக்கு அப்பால் வைத்ததனால் அன்றோ வந்தது? குவித்த கை, வண்ணம் பூசிக் கழுவிக்கொள்ளலாமா? குடிநீர், கழிவுநீர், பள்ளி, பேருந்து, அருகில் வேலை ஆகியவற்றுக்காக அம்மக்கள் ஆண்டுதோறும் கோரிக்கை வைத்து வருகின்றனர். அக்கோரிக்கைகளின் வரிசையில் 'சித்திரம்' எத்தனையாவது இடத்தில் இருந்தது?

களங்கம் உண்மையில் துடைக்கப்பட்ட நாளை நான் கூறட்டுமா? 2025இல் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். தமிழகமே அவர் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பெருமையுடன் உச்சரித்தது. அச்சிறுமிக்குத் தேவைப்பட்டவை ஆட ஒரு களமும் பயிற்றுவிக்க ஓர் ஆசானும். சுவரில் சிரிக்கும் சிறுமியர் அழகுதான்; களத்தில் ஆடும் சிறுமியே ஊரை உயர்த்தினார்.

"சுவரொட்டி ஒட்டிச் சுவரை நாறடிப்பதைவிடச் சித்திரம் மேல்" என்று வேறு சிலர் கூறுவர். இதுவும் புதியதன்று. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே உண்டு. 2009இல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டியை நீக்கித் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தது. அச்சிட்ட 'பிளெக்ஸ்' பலகைகள் வந்ததனால் பிழைப்பிழந்த விளம்பர ஓவியர்களுக்கு அதனால் வேலை கிடைத்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அது பொதுச் சாலையின் சுவர்; அதன் பின்னால் குடும்பம் எதுவும் உறங்கவில்லை; ஓவியனின் அடுப்பும் எரிந்தது. இந்திரா நகர் நிலையத்துச் சுவரும் அத்தகையதே. அங்கே படம், ஒதுக்கப்பட்டோருக்காக வழக்குரைத்தது. வீட்டுச் சுவர் அவ்வாறன்று. வீட்டுச் சுவரில் முதல் உரிமை வீட்டில் வாழ்பவருக்கு.

பாலஸ்தீனத்து முதியவர்

இதனை நமக்கு உணர்த்தியவர் ஒரு பாலஸ்தீன முதியவர். 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிவந்த பிரிவினைச் சுவர் சட்டத்திற்குப் புறம்பானது என்று அனைத்துலக நீதிமன்றம் 2004இல் கருத்துரைத்தது. 2005இல் பாங்க்ஸி என்னும் பிரித்தானிய ஓவியர் அங்கு சென்று அச்சுவரில் படங்கள் தீட்டினார். அடக்குமுறையை எள்ளி நகையாடும் படங்கள், நோக்கமும் நல்லதே. அப்போது முதியவர் ஒருவர் அருகில் வந்து, சுவரை அழகாக்குகிறாய் என்றார். ஓவியர் நன்றி கூறினார். முதியவரோ, இச்சுவர் அழகாக இருப்பதை நாங்கள் விரும்பவில்லை, இதனை வெறுக்கிறோம், நீ ஊருக்குப் போ என்று கூறிவிட்டார். இதனைத் தம் நூலில் எழுதியவர் அவ்வோவியரே என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

கண்ணகி நகரையும் பாலஸ்தீனத்தையும் நான் ஒப்பிடவில்லை. கொடுமையின் அளவு வேறு. ஆனால் நியாயத்தின் விதி ஒன்றே: சுவரின் அழகைத் தீர்ப்பளிக்க வேண்டியவர் அச்சுவரை அடுத்து வாழ்பவர்.

மீண்டும் மந்தைவெளி

மந்தைவெளியை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த கோவிந்தசாமி நகர் வீடுகள், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டன. முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பின்னரே, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் வட்டாரத்திலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆக, நகரத்திற்குள்ளேயே இடம் தர முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஓர் உயிர் எரியும் முன்னர் அது ஏன் தோன்றவில்லை? ஒரு காலத்தில் மாட்டு மந்தைக்கு மேய இடம் விட்டு வைத்த ஊர், தன் வீடுகளைத் துடைத்துப் பெருக்கும் மனிதருக்கு உறங்க இடம் இல்லை என்று சொல்லலாமா?

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, குடியிருப்புச் சுவரில் தூரிகை வைக்கும் முன் அங்கு வாழ்வோரைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். இரண்டாவது, கூரை, குழாய், படிக்கட்டு, கழிவுநீர் ஆகியவை முடிந்தனவா என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் சரிபார்த்த பின்னரே சாரம் கட்டுங்கள். மூன்றாவது, உழைக்கும் இடத்திற்கு அருகிலேயே உறைவிடம் கொடுங்கள். இவை நிறைவேறிய பின், வானவில்லையே கொண்டுவந்து பூசினாலும் எனக்குத் தடையில்லை.

இறுதியாக, விரலை நம் பக்கம் திருப்புகிறேன். மாநகராட்சியைக் கேட்ட கேள்வியை நம் ஜமாஅத்துகளைக் கேட்காது விடுவது நேர்மையன்று. பளிங்குத் தரையும் வண்ண ஓடும் மின்விளக்குத் தோரணமுமாகப் பள்ளிவாசல்கள் உயர்கின்றன. அதே பள்ளியின் பின்புறத்தில் இமாமின் குடும்பம் வாழும் அறையின் கூரை ஐப்பசி மழையில் ஒழுகுவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். மனாராவில் வண்ணம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்திற்கு வசூல் தொடங்குகிறது. அங்கே உருவப்படம் இல்லை, மெய்தான். ஆனால் கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும் வேலை அங்கும் நடைபெறவில்லையா? உமர் (ரலி) அவர்களின் ஆணை முதலில் நம் வாயிற்படியில் அன்றோ வந்து நிற்கிறது?

அன்று இந்திரா நகரில் மாணவருக்கு நான் விடை கூறவில்லை. கண்ணகி நகரிலிருந்து திரும்பும் பேருந்தில்தான் கூறினேன்: "தம்பி, கூடுமா கூடாதா என்று பிறகு கேட்கலாம். அந்த வீட்டில் மழை ஒழுகுகிறதா என்று முதலில் கேள்."